6 முதல் 12 வரை: எத்தனை?

ஒரு சிறு கேள்வியோடு தொடங்குவோம். வருகைப் பதிவேட்டில் 6-ஆம் எண் மாணவன் முதல் 12-ஆம் எண் மாணவன் வரை எழுந்து நிற்கச் சொல்கிறார் ஆசிரியர். எத்தனை பேர் எழுவார்கள்? 12-இலிருந்து 6-ஐக் கழித்து "ஆறு பேர்" என்று சொல்லிவிடத் தோன்றும். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஏழு பேர்!

இன்னொரு கேள்வி. காலை 6 மணி முதல் பகல் 12 மணி வரை எத்தனை மணி நேரம்? இங்கே கழித்தல் சரியான விடையைத் தருகிறது: ஆறு மணி நேரம்.

எண்கள் அவையேதான். விடை மட்டும் மாறுகிறது. பார்ப்பதற்கு விளையாட்டுக் கணக்குப் போல் இருக்கும் இந்த ஒன்றின் வேறுபாடு, கைபேசிச் செயலி எழுதுவோரை நாள்தோறும் தடுமாற வைக்கிறது. ஒரு பெரிய வரிசையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பிரதி எடுக்கும்போது என்னென்ன நிகழ்கிறது, எங்கே கவனம் தேவை என்று இக்கட்டுரையில் பார்ப்போம். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அணி என்றால் என்ன?

ஒரே வகையான பல மதிப்புகளைக் கணிப்பொறியின் நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்திருப்பதே அணி. இதை 'அர்ரே' என்றும் சொல்வார்கள். கைபேசிக்குள் இருப்பதும் ஒரு கணிப்பொறிதான். ஆகவே அதிலும் அணிகள் உண்டு.

வெப்பநிலையைக் காட்டும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவு தொடங்கி மணிக்கு ஒரு முறை வெப்பநிலையை அது பதிந்துகொள்கிறது. ஒரு நாளில் 24 பதிவுகள். எடுத்துக்காட்டாக, அவை இவ்வாறு இருப்பதாகக் கொள்வோம் (செல்சியஸ் அளவில்):

0 மணி முதல் 5 மணி வரை: 26, 26, 25, 25, 24, 24
6 மணி முதல் 11 மணி வரை: 24, 26, 28, 30, 31, 33
12 மணி முதல் 17 மணி வரை: 34, 35, 35, 34, 33, 31
18 மணி முதல் 23 மணி வரை: 30, 29, 28, 28, 27, 27

ஒவ்வொரு மதிப்பும் இருக்கும் இடத்திற்கு ஓர் எண் உண்டு. அதைச் சுட்டெண் என்கிறோம். ஜாவா, கோட்லின், ஸ்விஃப்ட் ஆகிய மொழிகளில் அணியின் சுட்டெண் 0-இல் தொடங்குகிறது. 24 மதிப்புகள் இருந்தால் கடைசிச் சுட்டெண் 23. சுட்டெண் 24 என்ற இடமே கிடையாது.

ஏன் 1-இல் தொடங்காமல் 0-இல் தொடங்க வேண்டும்? ஒவ்வொரு மதிப்புக்கும் 4 பைட்டு இடம் தேவை என்றும், அணி நினைவகத்தில் 1000-ஆவது பைட்டில் தொடங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மதிப்பு 1000-இல் இருக்கும், அடுத்தது 1004-இல், அதற்கடுத்தது 1008-இல். சுட்டெண் 6 எங்கே? 1000 + 6 × 4 = 1024. சுட்டெண் என்பது 'தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி' என்பதன் விடை என்று கொண்டால் இந்தக் கணக்கு நேராக வந்துவிடுகிறது. முதல் மதிப்பு தொடக்கத்திலிருந்து தள்ளியே இல்லை. ஆகவே அதன் சுட்டெண் 0.

முடிவைச் சேர்ப்பதா, விடுவதா?

இப்போது செயலியில் 'முற்பகல்' என்ற பொத்தானைத் தொட்டால், காலை 6 மணி முதல் 12 மணிக்கு முன்வரை உள்ள பதிவுகள் மட்டும் வரைபடமாகத் தோன்ற வேண்டும். சராசரியும் தெரிய வேண்டும். எனவே அணியின் ஒரு பகுதியைப் புதிய அணி ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும்.

சுட்டெண் 6 முதல் 11 வரை எடுத்தால் ஆறு மதிப்புகள்: 24, 26, 28, 30, 31, 33. கூட்டினால் 172. ஆறால் வகுத்தால் சராசரி ஏறத்தாழ 28.67. தவறுதலாக 12-ஐயும் சேர்த்துவிட்டால் கூட்டுத்தொகை 206, ஏழால் வகுத்தால் சராசரி 29.43. முக்கால் பாகைக்கு மேல் வேறுபாடு! செயலி நின்றுவிடாது, எச்சரிக்கையும் வராது. தவறான எண்ணைத் திரையில் அழகாகக் காட்டிக்கொண்டே இருக்கும்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கப் பல மொழிகள் ஒரு மரபைப் பின்பற்றுகின்றன: தொடக்க எண் சேரும், முடிவு எண் சேராது. ஜாவாவில் 'காப்பி ஆஃப் ரேஞ்ச்' என்ற கட்டளைக்கு 6, 12 என்று கொடுத்தால் சுட்டெண் 6 முதல் 11 வரை உள்ளவை கிடைக்கும். 12 என்பது 'இங்கே நிறுத்து' என்னும் எல்லைக்கல். அதன்மேல் கால் வைக்கக் கூடாது.

நெதர்லாந்து நாட்டுக் கணிப்பொறி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எழுதிய ஒரு சிறு குறிப்பில் இந்த முறையே சிறந்தது என்று வாதிட்டார். இதன் நன்மைகளை நாமே சரிபார்க்கலாம்.

முதலாவது, எத்தனை மதிப்புகள் என்பதை அறியக் கழித்தல் போதும்: 12 - 6 = 6. ஒன்றைக் கூட்ட வேண்டிய தொல்லை இல்லை.

இரண்டாவது, ஒரு பகுதி முடியும் எண்ணிலேயே அடுத்த பகுதி தொடங்கும். நாளை நான்காகப் பிரிக்க வேண்டுமா? 0-6, 6-12, 12-18, 18-24. எந்தப் பதிவும் இரு முறை வரவில்லை. எதுவும் விடுபடவும் இல்லை.

மூன்றாவது, வெறுமையான பகுதியையும் எளிதாகச் சொல்லலாம். 6 முதல் 6 வரை என்றால் எதுவும் இல்லை என்று பொருள்.

ஆனால் எல்லாக் கட்டளைகளும் இந்த மரபில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஜாவாவின் 'அர்ரே காப்பி' என்னும் கட்டளை முடிவு எண்ணைக் கேட்பதில்லை. எங்கிருந்து, எத்தனை என்று கேட்கிறது. அதற்கு 6, 12 என்று கொடுத்தால் 6-இலிருந்து பன்னிரண்டு மதிப்புகள், அதாவது சுட்டெண் 17 வரை பிரதியாகிவிடும்! ஸ்விஃப்ட் மொழியில் முடிவைச் சேர்க்கும் குறியும் உண்டு, சேர்க்காத குறியும் உண்டு. எந்தக் கட்டளையைப் பயன்படுத்தினாலும், "இரண்டாவது எண் முடிவா, எண்ணிக்கையா? முடிவானால் அது சேருமா, சேராதா?" என்று கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

எல்லை தாண்டினால்?

18 முதல் 26 வரை வேண்டும் என்று தவறாகக் கேட்டுவிட்டோம். சுட்டெண் 24-உம் 25-உம் இல்லையே, என்ன நடக்கும்? ஜாவாவின் 'காப்பி ஆஃப் ரேஞ்ச்' இல்லாத இடங்களுக்கு 0-ஐ நிரப்பித் தந்துவிடும். 27 பாகையில் இருந்த வரைபடம் திடீரென்று உறைநிலைக்கு விழும்! கோட்லினில் அதே பெயருள்ள கட்டளையோ, எல்லை தாண்டியதாகப் பிழை எழுப்பும். ஸ்விஃப்டில் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

செயலி நின்றுவிட்டால் நமக்கு எரிச்சல்தான். ஆனால் தவறு நடந்தது உடனே தெரிகிறது அல்லவா? தெரியாமல் நடக்கும் தவறைவிட அது எவ்வளவோ மேல். அதற்கு ஒரு சான்றைக் கட்டுரையின் இறுதியில் காண்போம்.

தனக்குள்ளேயே பிரதி எடுத்தல்

இப்போது ஒரு சோதனை. ஐந்து துண்டுக் காகிதங்களை வரிசையாக வைத்து 10, 20, 30, 40, 50 என்று பென்சிலால் எழுதுங்கள். இவற்றின் சுட்டெண்கள் 0 முதல் 4 வரை. முதல் நான்கு மதிப்புகளையும் ஓரிடம் வலப்புறம் தள்ள வேண்டும். அதாவது சுட்டெண் 0 முதல் 3 வரை உள்ள பகுதியை, அதே அணியில் 1 முதல் 4 வரை பிரதி எடுக்க வேண்டும்.

முன்னாலிருந்து தொடங்குவோம். 0-இல் உள்ள 10-ஐ 1-இல் எழுதுங்கள். அங்கிருந்த 20 அழிந்துவிட்டது. அடுத்து 1-இல் உள்ளதை 2-இல் எழுத வேண்டும். இப்போது 1-இல் இருப்பது 10. ஆகவே 2-இலும் 10. இப்படியே போனால் கடைசியில் 10, 10, 10, 10, 10! நான்கு மதிப்புகள் காணாமல் போய்விட்டன.

மறுபடியும் பழைய எண்களை எழுதிக்கொண்டு பின்னாலிருந்து தொடங்குங்கள். 3-இல் உள்ள 40-ஐ 4-இல் எழுதுங்கள். 2-இல் உள்ள 30-ஐ 3-இல். பிறகு 20-ஐ 2-இல், 10-ஐ 1-இல். விடை: 10, 10, 20, 30, 40. இதுதான் நாம் விரும்பியது. 50 மட்டும் வெளியேறிவிட்டது. முதல் இடம் புது மதிப்புக்குக் காத்திருக்கிறது.

செய்திப் பட்டியலின் தலைப்பில் புதுச் செய்தியைச் சேர்க்கும்போது இத்தகைய நகர்த்தலே நடைபெறுகிறது. எடுக்கும் பகுதியும் வைக்கும் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது எந்தத் திசையிலிருந்து தொடங்குகிறோம் என்பது முக்கியம். 'சி' மொழியில் இதற்கென்றே இரண்டு கட்டளைகள் உள்ளன. 'மெம்காப்பி' என்பது பகுதிகள் படியாதபோது மட்டுமே பயன்படுத்தத்தக்கது. 'மெம்மூவ்' படியும்போதும் சரியாகச் செயல்படும். ஜாவாவின் 'அர்ரே காப்பி' இந்தக் கவனத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. முதலில் ஒரு தற்காலிக அணியில் எடுத்து வைத்து, பிறகு எழுதினால் என்ன விடை வருமோ அதையே தருகிறது.

பிரதியா, சாளரமா?

பதிவேட்டின் ஒரு பகுதியை மட்டும் தலைமையாசிரியருக்குக் காட்ட இரண்டு வழிகள் உண்டு. வேண்டிய வரிகளை வேறு தாளில் எழுதிக் கொடுப்பது ஒரு வழி. ஓர் அட்டையில் நீள்சதுரத் துளை வெட்டி, அதைப் பதிவேட்டின்மேல் வைத்து, "இதோ, இந்தத் துளை வழியே பாருங்கள்" என்பது மற்றொரு வழி.

முதல் வழி பிரதி. எழுத நேரமாகும்; தாளும் வேண்டும். ஆனால் பின்னர் பதிவேட்டில் திருத்தம் செய்தாலும் பிரதி மாறாது. இரண்டாவது வழி சாளரம். நொடியில் முடிந்துவிடும். ஆனால் பதிவேட்டை அங்கிருந்து எடுத்துப் போக முடியாது!

கணிப்பொறியிலும் இப்படித்தான். ஜாவாவில் பட்டியலின் ஒரு பகுதியைத் தரும் 'சப் லிஸ்ட்' ஒரு சாளரம். அதில் ஒரு மதிப்பை மாற்றினால் மூலப் பட்டியலிலும் மாறும். ஸ்விஃப்டில் அணியின் துண்டு மூல அணியின் இடத்தையே பகிர்ந்துகொள்கிறது. எவரேனும் மதிப்பை மாற்ற முற்படும்போதுதான் தனிப்பிரதி எடுக்கப்படுகிறது. ஆகவே ஒன்றின் மாற்றம் மற்றதைத் தொடாது. சிக்கனமான ஏற்பாடு!

ஆனால் ஸ்விஃப்ட் துண்டில் ஒரு விந்தை உண்டு. 6 முதல் 12 வரை எடுத்த துண்டின் முதல் சுட்டெண் 0 அன்று, 6-தான். பதிவேட்டின்மேல் வைத்த துளை வழியே பார்த்தாலும் மாணவனின் வரிசை எண் மாறுவதில்லை அல்லவா? அதுபோலத்தான். இதை அறியாமல் துண்டின் சுட்டெண் 0-ஐக் கேட்டால் செயலி நின்றுவிடும். 0-இலிருந்து எண்ண வேண்டுமானால் துண்டிலிருந்து புதிய அணி ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

சாளரத்தின் இன்னொரு விலையை ஒரு புகைப்படத்தைக் கொண்டு கணக்கிடுவோம். அகலம் 4000 புள்ளிகள், உயரம் 3000 புள்ளிகள். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட்டு என்றால் 4 கோடியே 80 லட்சம் பைட்டுகள். இதில் ஒரு முகம் இருக்கும் 1000 × 1000 புள்ளிச் சதுரம் மட்டும் நமக்கு வேண்டும்.

நினைவகத்தில் புள்ளிகள் வரி வரியாக ஒரே நீண்ட அணியாக இருக்கின்றன. சதுரத்தின் இடது மேல்மூலை 500-ஆவது வரியிலும் 800-ஆவது நிரலிலும் இருந்தால் (இரண்டையும் 0-இலிருந்து எண்ணுகிறோம்), அதன் சுட்டெண் 500 × 4000 + 800 = 20,00,800. அங்கிருந்து 1000 புள்ளிகளைப் பிரதி எடுக்க வேண்டும். அடுத்த வரி 4000 தள்ளி, 20,04,800-இல் தொடங்கும். அங்கிருந்து 1000 புள்ளிகள். இப்படி ஆயிரம் முறை செய்தால் முகம் தனியாக வந்துவிடும். புதிய அணிக்கு 40 லட்சம் பைட்டுகள் போதும். பெரிய படத்தை விட்டுவிடலாம். பிரதி எடுக்காமல் சாளரமாக வைத்திருந்தாலோ, முகத்தைப் பார்ப்பதற்காக அதைப்போல் பன்னிரண்டு மடங்கு பெரிய படம் நினைவகத்தை அடைத்துக்கொண்டே இருக்கும்.

ஜாவாவிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. நீண்ட சொற்றொடரின் ஒரு பகுதியை எடுக்கும் கட்டளை, முன்பு மூலத்தின் எழுத்துகளையே பகிர்ந்துகொண்டு வந்தது. பத்து எழுத்துகளுக்காக முழு நூலும் நினைவகத்தில் தங்கிவிடும் நிலை ஏற்பட்டது. 2012-இல் ஜாவா 7-இன் ஒரு திருத்தப் பதிப்பிலிருந்து அது தனிப்பிரதி எடுக்கும்படி மாற்றப்பட்டது. சிறிது காலத்திற்கு மட்டும் பார்ப்பதானால் சாளரம். நெடுநாள் வைத்துக்கொள்வதானால் பிரதி. இதுவே பொதுவிதி.

மேலும் ஒரு நுட்பம். அணியில் எண்கள் இருந்தால் பிரதியில் எண்களே வரும். ஜாவாவில் மாணவர் விவரம் போன்ற பொருள்களை அணியில் வைத்தால், பெட்டிகளில் இருப்பவை அப்பொருள்கள் அல்ல. அவை இருக்கும் இடத்தின் முகவரிகளே. பிரதி எடுத்தால் முகவரிகள்தாம் பிரதியாகும். ஒரு வீட்டின் முகவரியை இரண்டு தாள்களில் எழுதிவைத்தால் வீடு இரண்டாகிவிடுமா? ஒரு தாளைக் கொண்டு போய் வீட்டிற்குப் பச்சை வண்ணம் பூசினால், மறு தாளைக் கொண்டு வருபவரும் பச்சை வீட்டையே காண்பார்.

உலகை உலுக்கிய ஒரு பிரதி

எல்லை தாண்டிய பிரதியால் என்ன கேடு வரும் என்பதற்குச் சான்று 'ஹார்ட்பிளீட்' என்னும் பிழை. இணையத்தில் கடவுச்சொல் போன்றவற்றை மறைத்து அனுப்ப 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்ற நிரல் தொகுப்பு பெரிதும் பயன்படுகிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய அதில் அப்போது 'இதயத்துடிப்பு' என்ற ஏற்பாடு இருந்தது. ஒரு கணிப்பொறி சில பைட்டுகளை அனுப்பி, "இவை இத்தனை பைட்டுகள், இவற்றை அப்படியே திருப்பி அனுப்பு" என்று சொல்லும். மற்றது பிரதி எடுத்துத் திருப்பி அனுப்பும்.

2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் ஒரு சரிபார்த்தல் விடுபட்டுப் போயிற்று. அனுப்பியவர் சொன்ன எண்ணிக்கை உண்மைதானா என்று நிரல் பார்க்கவில்லை. ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு "இது 65,535 பைட்டுகள்" என்று பொய் சொன்னாலும், நிரல் அதை நம்பி, அந்த ஒரு பைட்டைத் தாண்டி நினைவகத்தில் அருகே இருந்தவற்றையும் பிரதி எடுத்து அனுப்பிவிட்டது. அருகே இருந்தவை எவையாகவும் இருக்கலாம்: பிறருடைய கடவுச்சொற்கள், ஏன், மறைகுறியின் சாவிகள்கூட. 'சி' மொழியின் 'மெம்காப்பி' எல்லையைச் சோதிப்பதில்லை. ஆகவே நிரல் நிற்கவும் இல்லை. வழக்கமான பதிவேடுகளில் தடயமும் இல்லை.

2014 ஏப்ரல் 7 அன்றுதான் இது வெளியுலகுக்குத் தெரிந்தது. கைபேசிகளும் தப்பவில்லை. ஆண்ட்ராய்டு 4.1.1 பதிப்பிலும் இந்தப் பிழை இருந்தது. கனடா நாட்டு வருவாய்த் துறையிலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன. அதற்குத் தேவைப்பட்ட மருந்து எவ்வளவு தெரியுமா? "சொன்ன எண்ணிக்கை வந்த பைட்டுகளுக்கு மேற்பட்டதானால் செய்தியைத் தள்ளிவிடு" என்னும் ஒரு சோதனை. பிரதி எடுக்கும் முன் இரு எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான்.

ஆகவே, அணியின் ஒரு பகுதியை எடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எங்கே தொடங்குகிறேன்? எங்கே நிற்கிறேன்? அந்த இடங்கள் உண்மையில் இருக்கின்றனவா? கிடைப்பது பிரதியா, சாளரமா?

நீங்களே செய்து பாருங்கள்

1. முடிவு எண் சேராத முறையில் 18 முதல் 24 வரை எடுத்தால் எத்தனை மதிப்புகள்? கடைசியாக வரும் சுட்டெண் எது?

2. 10, 20, 30, 40, 50 என்ற அணியில் கடைசி நான்கையும் ஓரிடம் இடப்புறம் தள்ள வேண்டும். முன்னாலிருந்து தொடங்குவீர்களா, பின்னாலிருந்தா?

3. 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் 10-ஆவது வரி, 25-ஆவது நிரலில் உள்ள புள்ளியின் சுட்டெண் என்ன? (எல்லாம் 0-இலிருந்து.)

விடைகள்: 1. ஆறு மதிப்புகள், சுட்டெண் 23. 2. முன்னாலிருந்து, விடை 20, 30, 40, 50, 50. பின்னாலிருந்து தொடங்கினால் ஐந்தும் 50 ஆகிவிடும். 3. 40,025.